முந்திரித்தோப்பு மேடு

மண்ணில் கால் வைக்காமலே எந்தத் தெருவில் எவ்வளவு வெள்ளம் நிற்கும் என்று சொல்லிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. ‘நீலம் பூசிகள்’ என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். கணினியில் ‘மாடல்’ என்றொரு கணக்குப் போட்டு அதில் ஆற்றை ஓடவிட்டு, தண்ணீர் பரவும் இடமெல்லாம் நீலம் பூசுவது அவர்கள் பிழைப்பு. பிழைப்பில் தப்பில்லை. பூசிய நீலத்தை யார் வந்து சொன்னாலும் ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார்கள், அதுதான் வியாதி.

கந்தர்வக்கோட்டை ஜெபக்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரரிடம், “வீடு எங்கிட்டு இருக்குங்க?” என்பார், அவர் சொல்லி முடிக்குமுன் இடது கையால் போனைத் திறந்து, படத்தை இழுத்து, விரித்து, பெரிதாக்கி, “அடடா, உங்க அடுப்படி நீலத்துல இருக்கே” என்று உருகுவார். அந்த மனிதருக்குப் பாயசம் எப்படி இறங்கும்? எதிர்த்துப் பேசினால் ஒரே பதில். “நான் சொல்லலைங்க, மாடல் சொல்லுது.”

அப்பேர்ப்பட்டவர் தமக்கு மனை வாங்கும்போது சும்மா இருப்பாரா? அவர் படத்தில் சுற்றிலும் நீலம் கிடக்க, ஒரு துண்டு மட்டும் மேடாக நிமிர்ந்து நின்றது. பழைய முந்திரித்தோப்பு. மரங்களை வெட்டி மனை போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்த மனைவி அமலராணி, “பள்ளமாத் தெரியுதேங்க” என்றாள். “கண்ணு ஏமாத்தும், மாடல் ஏமாத்தாது” என்று வீட்டைக் கட்டிக் குடியேறிவிட்டார்.

சென்ற ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிரம்பி வழிந்து தண்ணீர் வாசலுக்கு வந்தது. அமலராணிக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று உண்டு. அவளுடைய தொழிலே அதுதான்.

“தண்ணி படியேறிருச்சுங்க. மோட்டார்ல பட்டாப் போச்சு. ஒரு கை பிடிங்க, கட்டில்ல ஏத்திருவோம்.”

“ஏறாது ராணி. நம்ம வீடு நீலத்துலயே இல்ல.”

தண்ணீருக்கு அது தெரியவில்லை. அறைக்குள் வந்துவிட்டது. ஜெபக்குமார் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தார். மெஷினை அல்ல, மாடலைக் காப்பாற்ற. தேடித் தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்தார். மேலேயிருந்து உயரம் அளந்த செயற்கைக்கோள், முந்திரி மரங்களின் தலையைத் தரை என்று எண்ணிக் கணக்குக் கொடுத்திருந்தது. மரங்கள் போய்விட்டன, படத்தில் மேடு மட்டும் பாக்கி. மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார், பாவம். ஒரு நிமிடம்தான். மரங்களின் உயரத்தைக் கழித்து வெள்ளத்தை மறுபடி ஓடவிட்டார். வீட்டின்மேல் நீலம் பரவியது. முகம் மலர்ந்துவிட்டது.

“ராணி, இங்க வந்து பாரு. இப்ப கரெக்டாக் காட்டுது. நம்ம ரூம்ல முழங்கால் தண்ணி.”

முழங்கால் தண்ணீரில் மெஷினைத் தனியாகத் தூக்கப் பார்த்துத் தோற்றுப்போய் நின்ற அமலராணி நிமிர்ந்தாள். “மோட்டார் போச்சுங்க. அதான் மாடலே சொல்லிருச்சுல்ல, இப்பவாச்சும் எறங்கி வாங்க.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். கொடியில் துணி நனைகிறது என்று வீட்டில் குரல் கொடுத்தபோது, போனை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இன்னைக்கு மழையே இல்லன்னு போட்டிருக்கே” என்று பதில் சொன்னது யார்?