ஏழாவது பாட்டில் ஒரு டிக்

"இன்னிக்கும் வந்துச்சுங்க," என்றாள் மனைவி, கைப்பையை நாற்காலியில் போட்டபடி.

"எது?"

"டிக்."

"எங்க?"

"ஏழாவது பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல. வேற எங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் பாதியில் எழுந்தார். இடது கையால் சிடியை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் தள்ளி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். டிக்கும் இல்லை, டொக்கும் இல்லை.

"இங்க இல்லையே."

"அங்க இருக்கே."

அவள் ஒரு மூட்டுவலி க்ளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். காலை வகுப்பில் முட்டி தேய்ந்தவர்களும் இடுப்பு பிடித்தவர்களும் ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவார்கள், மடக்குவார்கள். அவள் தொண்டை கிழிய "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவாள். வீட்டுக்கு வரும்போது குரல் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி இருக்கும். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் மெக்கானிக் வாத்திய இசைகளாகப் பொறுக்கி, ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையைப் பின்னி, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும் ஒரே இசையாகச் செய்துகொடுத்தார். எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. லிஃப்ட்டிலும் அவர் கொள்கை அதுதான்: உள்ளே இருப்பவருக்கு அது நின்றதே தெரியக்கூடாது.

ஒரே ஒரு குறை. "பாதி உட்கார்ந்து எழுற பயிற்சியை இன்னொரு தடவை போடணும்னா முதல்லேர்ந்து தேட வேண்டியிருக்கு. தனித்தனியா நம்பர் போட்டுக் குடுங்களேன்," என்றாள் மனைவி.

நியாயம்தான். மாடிக்கு மாடி பட்டன் இல்லாத லிஃப்ட்டில் யார் ஏறுவார்கள்? பதினொரு துண்டாக வெட்டி, சிடியில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இசை இரண்டு வினாடி நின்றது. நின்றதும் வகுப்பு மொத்தமும் தூக்கிய காலைத் தொப்பென்று கீழே போட்டு, "முடிஞ்சுதா டாக்டரம்மா?" என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

"அது ஒண்ணுமில்ல," என்றார் மெக்கானிக். விளக்கம் சொல்ல வாய்ப்பு கிடைத்தால் அவருக்குப் பசி தெரியாது. "எழுதுற மிஷின் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, கதவைத் திறந்து மூடியிருக்கு. மொத்தத்தையும் ஒரே மூச்சுல எழுதுன்னு சொல்லிட்டா, பட்டன் இருக்கும், கதவு திறக்காது."

அப்படியே எழுதினார். இடைவெளி போயிற்று. டிக் வந்தது.

அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "சிடிக்கு ஒரு வினாடிங்கறது எழுபத்தஞ்சு படி. வெட்டுனா சரியா படி மேல வெட்டணும். ரெண்டு படிக்கு நடுவுல வெட்டினா, மிச்ச இடத்தை அது வெறும் நிசப்தத்தைப் போட்டு அடைச்சிடும். லிஃப்ட்டும் தரையும் சமமா இல்லேன்னா கால் தடுக்குதில்ல? காதுக்கு அந்தத் தடுக்கல்தான் டிக்."

"அப்படின்னா எல்லா வெட்டுலயும்ல டிக் வரணும்? ஏழாவதுல மட்டும் ஏன் வருது?"

மெக்கானிக் தண்ணீர் குடித்தார்.

எல்லா வெட்டையும் படிக்கு நேராக நகர்த்தி எழுதினார். டிக் அசையவில்லை. ஏழாவது பாட்டின் தொடக்கத்தில் ஒலியைக் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்தார். அன்று மனைவி செருப்பைக் கூடக் கழற்றாமல் செய்தி சொன்னாள்.

"பாட்டு சன்னமா ஆரம்பிச்சதும் பாதிப் பேரு மெதுவா நாற்காலியிலேயே உட்கார்ந்துட்டாங்க. ஒருத்தர் கண்ணை மூடிட்டார். டிக் இப்பத்தான் ஜோராக் கேக்குது."

இனிக் கோளாறு க்ளினிக்கின் பழைய பிளேயரில்தான் என்று முடிவு கட்டி, மெக்கானிக் தன் வீட்டு பிளேயரையும் பெரிய ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனார். வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. டிக்.

"ஸ்பீக்கர்லேர்ந்துதான் வருது," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஒருவர் மட்டும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்ற ரயில் கார்டு. ஸ்பீக்கரை எங்கே வைத்தாலும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் வந்து நிற்பவர்.

"தம்பி, எனக்கு ஒரு டிக்கும் கேக்கல. பாட்டு பால் மாதிரி இருக்கு," என்றார் அவர், அடுத்த அறைக்கும் கேட்கும் குரலில்.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பேருக்கு நடுவுல காது உள்ள மனுஷன் அவர் ஒருத்தர்தான்," என்றார் மனைவியிடம்.

விஷயம் க்ளினிக்கை நடத்தும் பெரிய டாக்டரம்மா வரைக்கும் போனது. "வெள்ளிக்கிழமை நானே வந்து கேக்கறேன்," என்றார் அவர். "சுத்தமா இருந்தா எல்லா வகுப்புக்கும் இதே சிடிதான். உறையில உங்க வீட்டுக்காரர் பேரும் போட்டுடலாம். டிக் வந்தா, நீங்க பழையபடி எண்ணிக்கோங்க."

மனைவி அன்றிரவே உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கத் தொடங்கிவிட்டாள். மெக்கானிக் யோசித்தார். லிஃப்ட்டில் சத்தம் வந்தால் அவர் முதலில் மோட்டாரை நிறுத்துவார். மோட்டார் நின்ற பிறகும் சத்தம் வந்தால், மோட்டார் குற்றவாளி இல்லை. சட்டென்று இன்னொரு சிடி எழுதினார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றார். ஆறு பாட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவர் தலை லேசாக ஆடக்கூடச் செய்தது. ஏழாவது பாட்டு. எல்லோரும் முட்டியை மடக்கினார்கள்.

டிக்.

தலையாட்டம் நின்றது. மனைவி தன் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்," என்றார் மெக்கானிக். "எல்லாரும் ஒரு சுத்து நடந்துட்டு வந்து நில்லுங்க." அவர்கள் நடந்த நேரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்துவிட்டு, புதிய சிடியைப் போட்டு, ஏழு என்ற பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடலையே," என்றார் பெரிய டாக்டரம்மா.

"ஓடுது மேடம். இதுல ஏழாவது பாட்டு முழுக்க நிசப்தம். நானே எழுதினது," என்ற மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினார். "இப்ப உட்காரச் சொல்லு."

மனைவி கையைக் காட்டினாள். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. வகுப்பு முழுவதும் மெல்ல மடங்கியது.

டிக்.

"பாத்தீங்களா, உங்க ஸ்பீக்கர்தான்," என்றார் பெரிய டாக்டரம்மா.

இந்த ஒரு வரிக்காகத்தான் மெக்கானிக் காத்திருந்தார். பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறவர் போல, கையில் தொங்கிய ஸ்பீக்கர் வயரை உயர்த்திக் காட்டினார். "அதை முன்னாடியே கழட்டிட்டேன் மேடம்."

அறையே வயரைப் பார்த்தது. லிஃப்ட்டே இல்லாத மாடியில் கதவு திறந்த மாதிரி இருந்தது.

"சரி, சிடி மேல தப்பில்ல. உறையில உங்க பேரு உண்டு," என்றார் பெரிய டாக்டரம்மா மெல்ல. "ஆனா அந்தச் சத்தம் எங்கேருந்துதான் வருது?"

மெக்கானிக்குக் கடைசி வார்த்தைகள் காதில் விழவே இல்லை. முதல் வார்த்தைகளிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாட்டு ஏன் தம்பி நின்னுடுச்சு?" என்று கார்டு பாதி உட்கார்ந்த நிலையிலேயே உரக்கக் கேட்டார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?"

சுவரோரப் பெஞ்சில், தினமும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாரப் பத்திரிகையில் மூழ்கிவிடும் அவர் மனைவி, பக்கத்தைப் புரட்டியபடி தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அது இவரோட வலது முட்டி. வீட்டுல இவர் உட்கார்றப்பல்லாம் நாங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சிடுவோம்."