ரொட்டியை மடித்த கதை

'வயிறு நிறைந்துவிட்டது' என்று சொல்ல நமக்கு வாய் தேவையில்லை. இலை இருக்கிறது. மேல் பாதியை எடுத்துக் கீழ்ப் பாதியின் மேல் போட்டால் முடிந்தது. சாம்பார் வாளியோடு வருகிறவர் அடுத்த பந்திக்காரரைப் பார்க்கப் போய்விடுவார். இந்த ஏற்பாடு உலகம் முழுக்கச் செல்லும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். (எம்.எஸ்சி. படிக்க லண்டன் வரை வந்தவன்தான். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

2009ஆம் ஆண்டு. மனோர் பார்க்கில் சிவயோகம் அக்கா வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை கிடைத்திருந்தது. அக்காவும் அவர் கணவர் ராசன் அண்ணையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அண்ணை ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை வைத்தவர். அதற்கு முன்னால் நான் பக்கத்திலிருந்த பார்க்கிங் (Barking) என்ற பகுதியில், பையன்கள் முறை வைத்துத் தூங்கும் ஓர் அறையில் இருந்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட தூக்கம் பகலில். வகுப்பும் பகலில். ஆகவே வகுப்பிலேயே தூங்கிக்கொண்டேன்.

வாடகை அறை தேடுவதில் எனக்குச் சென்னையிலேயே அனுபவம் உண்டு. என்ன சாப்பிடுவீர்கள் என்று தொடங்குவார்கள். பிறகு ஊர், பிறகு ஊரில் எந்தத் தெரு. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மாட்டுக்கறி எங்களுக்கு விசேஷ நாள் சமையல். படித்தவனாகிவிட்டதால் அதை எங்கே சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துப் படித்திருந்தேன். சிவயோகம் அக்காவின் வாசலிலும் தயாரித்து வைத்த பதில்களோடுதான் நின்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"வெளியில நீர் என்னத்தையும் தின்னும் தம்பி, அது உம்மட வயிறு. வீட்டுக்குள்ள மச்சம் வரப்படாது. அவ்வளவுதான்."

மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் அவர்கள் பேச்சில் மச்சம் என்று பெயர். என் வயிறு என்னுடையது என்று சொன்ன முதல் வீட்டுக்காரர் அவர். அன்றிரவு கட்டிலில் குறுக்கே படுத்து, நீளமாகப் படுத்து, எல்லாத் திசையிலும் படுத்துப் பார்த்தேன். அந்த அறையை இழக்கும்படியான எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்ததும் கந்தசட்டி வந்தது. அக்கா ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும். வருடா வருடம் பிடிக்கிற விரதம்தான், ஆனால் அந்த வருடம் வேறு மாதிரி. அவருடைய தம்பி வவுனியாவில் முள்கம்பிக்குள், முகாமில் இருந்தார். மே மாதம் யாரோ கண்டதாகச் சொன்ன செய்தி மட்டும்தான். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது.

"அவன் வெளியில வரவேணும். நான் வேற ஒண்டும் கேக்கேல்ல," என்றார் அக்கா, முதல் நாள் காலையில், என்னிடம் இல்லை, அடுப்பிடம்.

அண்ணையும் தன் பங்குக்கு ஆறு நாள் மரக்கறி என்று அறிவித்தார். தண்டனை விதிக்கப்பட்டவரின் முகத்தோடு கத்தரிக்காய் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு விருந்து இருந்தது. என்னோடு ப்ராஜெக்ட் செய்த யூசுப், பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணிய இளைஞன், பார்க்கிங்கில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்திருந்தான். "எங்கப்பா சப்லி கபாப் போடறார், ப்ரோ. வராம இருந்தா உன்னோட பேசமாட்டார்."

ஒரு விருந்துக்குக்கூடப் படித்துவிட்டுப் போகிறவன் நான். (தேர்வு என்று நினைத்தால்தான் எனக்குப் பயம் போகும்.) பட்டாணியர் விருந்தோம்பலைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். விருந்தாளியின் தட்டு காலியாக இருப்பது வீட்டுக்காரருக்கு அவமானம், வேண்டாம் என்று சொல்வது அதைவிட அவமானம் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். எப்படித் தொடங்குவது என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. எப்படி நிறுத்துவது என்று எதிலும் இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

யூசுப்பின் அப்பாவை எல்லோரும் கான் சாகிப் என்றார்கள். வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், லண்டன் தூறலுக்குத் தார்ப்பாய் கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஓர் இரும்புச் சட்டியில் கொழுப்பை உருக்கிக்கொண்டிருந்தார். கொத்திய மாட்டிறைச்சியில் வெங்காயம், பச்சை மிளகாய், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, உலர்ந்த மாதுளை விதை, கொஞ்சம் சோளமாவு. உருண்டையை உள்ளங்கையில் தட்டி, அகலமாக்கி, மேலே ஒரு தக்காளி வில்லையை அழுத்திச் சட்டியின் ஓரத்தில் வழுக்கிவிட்டார். நம் பருப்பு வடையை யாரோ பெரிய மனதோடு நினைத்துப் பார்த்தது போல இருந்தது.

"பெஷாவரில் ஒரு மாதிரி, மர்தானில் ஒரு மாதிரி, எல்லை தாண்டி ஜலாலாபாத்தில் வேறு மாதிரி," என்று கான் சாகிப் ஆங்கிலத்தில் விளக்கினார். "முட்டை போடுகிறவன் இருக்கிறான், எலும்பு மஜ்ஜை போடுகிறவன் இருக்கிறான். காபூல்காரன் தன்னுடையதுதான் அசல் என்பான். கராச்சிக்குப் பிழைக்கப் போன எங்கள் ஆட்கள் அங்கேயும் சட்டியை வைத்துவிட்டார்கள்."

"இதில் எது சரி?"

"நான் போடுவது."

திருநெல்வேலியில் அல்வாவைப் பற்றியும் விருதுநகரில் புரோட்டாவைப் பற்றியும் இதே குரலில் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். மனிதர் உடனே உறவினராகிவிட்டார்.

தரையில் துணி விரித்து உட்கார்ந்தோம். தட்டு கிடையாது. ஆளுக்கு ஓர் அகலமான நான் ரொட்டி, அதன் மேல் கபாப். சாப்பாட்டுக்கு நடுவில் யூசுப்பின் அம்மா வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பஷ்தோ மட்டும்தான். யூசுப் மொழிபெயர்த்தான்.

"உன் வீட்டில் யார் இருக்காங்கன்னு கேக்கறாங்க."

"அக்கா இருக்காங்க," என்றேன். அக்கா என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் கூடப்பிறந்தவளாகிவிடும் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"அவங்களும் வந்திருக்கலாமே?"

"அவங்க விரதம். இன்னிக்கு ஆறாம் நாள். வெறும் தண்ணிதான். தம்பிக்காக."

யூசுப் இதைச் சொன்னதும் அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் ரொட்டியில் இன்னொரு கபாப் வைத்தார்.

இங்கே என் இரண்டு கல்விகளும் மோதின. இலையில் மிச்சம் வைக்காதே என்பது அம்மா சொல்லிக்கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லாதே என்பது நூலகம் சொல்லிக்கொடுத்தது. நான் காலி செய்வேன், அவர் நிரப்புவார். என் கடைசிக் கவளம் வாய்க்குப் போகும் முன்பே அடுத்த கபாப் புறப்பட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்க இடம் இல்லாமல் போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. (மிளகாய் பாதி, மாதுளை விதை தொண்டையில் மாட்டியது பாதி.)

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. ரொட்டியும் ஒரு வகையில் இலைதானே? மேல் பாதியைப் பிடித்தேன். அதில் மிச்சமிருந்த இரண்டு கபாப்பையும் சேர்த்து மூடி, கீழ்ப் பாதியின் மேல் மரியாதையாக மடித்தேன். கை கூப்பாத குறைதான்.

அடுத்த கபாப் வரவில்லை. எனக்கோ பரம நிம்மதி, புரிந்துகொண்டார்கள் என்று. யூசுப்பின் அம்மா தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்தார். கான் சாகிப் எழுந்து தோட்டத்துக்குப் போய் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"உனக்காக உன் அக்கா ஆறு நாளா பட்டினி. உன்னால அதை நெனச்சுச் சாப்பிட முடியல. அவங்களுக்கு எடுத்துட்டுப் போகணும்னு மூடி வச்சுட்டே, கேக்கக் கூச்சம். அழுகை வேற. எங்கம்மா இப்படி ஒரு தம்பியைப் பார்த்ததே இல்லையாம்."

"இல்ல யூசுப், அது வந்து, எங்க ஊர்ல இலைன்னு ஒண்ணு…"

"விரதம் இருக்கறவங்களுக்கு விரதம் முடிக்கச் சாப்பாடு கொடுக்கறது எங்களுக்குப் பெரிய புண்ணியம், ப்ரோ. அவங்களே நேர்ல வந்து கொடுக்கணுமாம்."

காரில் மனோர் பார்க் வரைக்கும் பின்சீட்டில் அந்த அம்மா. மடியில் சூடான அலுமினியத் தட்டு, மேலே ஃபாயில். முன்சீட்டில் நான், யூசுப்புக்கு முருகன், சூரன், மிளகு, மச்சம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீயே அவங்ககிட்ட வேணாம்னு சொல்லு," என்றான். திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் ரோட்டைப் பார்த்தேன்.

சிவயோகம் அக்காவே கதவைத் திறந்தார். ஈரத் தலை, திருநீறு, ஆறு நாள் பட்டினியில் உள்வாங்கிய கன்னம். மாலையில் சூரன் போர் பார்க்கக் கோயிலுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் யூசுப்பின் அம்மா தட்டை அவர் இரண்டு கையிலும் வைத்து, கன்னத்தைத் தொட்டுவிட்டார். ஃபாயிலின் ஓரத்திலிருந்து ஆவி நேராக அக்காவின் முகத்துக்குப் போனது.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, இது மச்சமோ?"

"ஆமாக்கா."

"ஆட்டிறைச்சியோ?"

"இல்லக்கா."

அவருக்குப் பின்னால் படியில் இறங்கிக்கொண்டிருந்த ராசன் அண்ணை அப்படியே நின்றார். மூக்கு மட்டும் முன்னால் வந்தது.

என் கட்டில் போய்விட்டது என்று தெரிந்தது. ஆனால் அக்காவின் கையைப் பார்த்தபோது கட்டிலைவிடப் பெரியது ஒன்று போய்விட்டதாகப் பட்டது. அவர் தட்டைக் கீழே போடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் நின்றார். ஒரே ஒரு மனிதன் வெளியே வரவேண்டும் என்று ஆறு நாள் கட்டிய விரதம். ஆறாம் நாள் அதன் வாசலில் மாட்டுக்கறியைக் கொண்டுவந்து வைத்தவன் நான்.

யூசுப்பின் அம்மா பேசிக்கொண்டே இருந்தார். யூசுப் ஆங்கிலத்தில் சொன்னான், நான் தமிழாக்கினேன்.

"தனியா விரதம் முடிக்கக் கூடாதாம் அக்கா. அவங்களும் இந்த வருஷம் தம்பிக்காக விரதம் இருந்தாங்களாம்."

"அவவின்ர தம்பிக்கு என்ன?"

"ஸ்வாத்ல சண்டை. ஊரை விட்டு ஓடி, கேம்ப்ல இருந்தாராம்."

"காம்பிலயோ?"

அக்கா முதல்முறையாக அந்த அம்மாவைச் சரியாகப் பார்த்தார்.

"இப்ப?"

"இப்ப வீட்டுக்குத் திரும்பிட்டாராம். வீட்டுக்குக் கூரை இல்லையாம். ஆனா திரும்பிட்டாராம்."

தூறல் அந்த அம்மாவின் தலைத்துணியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அக்கா, திரும்பிப் பார்க்காமலே, "இஞ்சாருங்கோ," என்றார்.

"ஓம்," என்றார் அண்ணை, தேவைக்கு மேல் வேகமாக.

"இதைப் பக்கத்து ஒழுங்கையால கொண்டுபோய்த் தோட்டத்து ஷெட்டுக்குள்ள வையுங்கோ. வீட்டுக்குள்ளால போகாதேங்கோ." தட்டைக் கொடுத்துவிட்டு, வாசல் குழாயில் கை கழுவி, அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். "உள்ள வாங்கோ. மழைக்க நிக்காதேங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகலாம்."

இது எதுவும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அக்கா தம்பியின் போட்டோவை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார். நானும் யூசுப்பும் மொழிபெயர்ப்பாளர் வேலை இழந்து தேநீர் குடித்தோம்.

ஷெட்டுக்குப் போன அண்ணை மட்டும் திரும்பவில்லை. தேநீர் ஆறி, விருந்தாளிகள் விடைபெறும் நேரத்துக்குத்தான் வந்தார். மீசையில் ஒரு கொத்தமல்லி விதை இருந்தது.

"கனநேரம் என்ன செய்தனீங்கள்?" என்றார் அக்கா.

"பூனை வரும் எண்டு காவலுக்கு நிண்டனான்."

"வந்ததோ?"

"வந்தது," என்றார் அண்ணை.

அக்கா கோயிலுக்குப் போனதும் நான் மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். போகச் சொல்வதற்கு முன்னால் போவது மரியாதை என்று நினைத்தேன். இறங்கும்போது அவர் திரும்பி வந்துவிட்டார்.

"எங்க வெளிக்கிட்டீர்?"

"உங்க விரதம் என்னாலதானே அக்கா…"

"நான் என்ன சொன்னனான்? வீட்டுக்குள்ள மச்சம் வரப்படாது எண்டு. ஷெட் வீட்டுக்குள்ளயோ இருக்கு?" பெட்டியைப் பார்த்தார். "அந்த மனுசி, தன்ர தம்பி திரும்பி வந்த கையால தந்தது. அதை நான் வாசல்ல வைச்சுத் திருப்பி அனுப்பினா, முருகன் எனக்கு என்னத்தைத் தருவான்? போய்ப் படியும்."

மறுநாள் பாரணை செய்து விரதம் முடித்ததும், தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று தோட்டக் குழாயில் கழுவி, கடலை வடையும் சர்க்கரைப் பொங்கலும் நிரப்பி என்னிடம் கொடுத்தனுப்பினார். யூசுப்பின் அம்மா வடையை ஒரு கடி கடித்து, நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "நல்ல கபாப். பாவம், இறைச்சி போட மறந்துவிட்டாள்."

டிசம்பரில் ஒரு காலை போன் வந்தது. அக்கா ரிசீவரை வைத்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். "வெளியில வந்திட்டானாம்," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த அம்மாவுக்கும் சொல்லும்." அந்த மாதங்களில் நிறையப் பேரை வெளியே விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அக்காவிடம் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

அந்தத் தட்டு இன்றும் பார்க்கிங்குக்கும் மனோர் பார்க்குக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது. ஒருமுறைகூடக் காலியாகப் போனதில்லை. நான் அந்த அறையில்தான் படிப்பை முடித்தேன், வேலை தேடினேன், கல்யாணத்துக்கு முதல் நாள் வரை இருந்தேன். இப்போதும் எந்தப் பந்தியிலாவது நான் இலையை மடித்தால், "ஆருக்குப் பார்சல்?" என்று அண்ணை கேட்பார். ஷெட்டுக்குள் இப்போது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஹீட்டர். வீட்டில் யாரும் அதை ஷெட் என்று சொல்வதில்லை. அதன் பெயர் பெஷாவர்.

சில வருடம் கழித்து அக்காவின் தம்பி முதல்முறையாக லண்டன் வந்தார். ஹீத்ரோவிலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். வாசலில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டு அழுது முடிக்கும் வரை பெட்டியோடு காத்து நின்றேன். மெலிந்த மனிதர், குரல் தாழ்வானது. உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான் எங்க, அக்கா?" என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வடைக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

"பெஷாவருக்குப் போனவர்," என்றார். "நீயும் போ. சூடு ஆறமுன்னம் போ."