மீசைக்குள் ஒரு கையெழுத்து

ஒரு காட்டில், எல்லா மிருகங்களும் கைப்பேசி வாங்கிவிட்ட பிறகு, மருதப்பன் என்றொரு முள்ளம்பன்றி கேலிச்சித்திரம் போட்டுப் பிழைத்து வந்தது. பிழைத்து வந்தது என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான்.

முன்பு அது கழுதையின் பத்திரிகையில் வேலை பார்த்தது. கழுதைக்குச் சிரிப்பு வந்தால்தான் படம் அச்சேறும். கழுதைக்குச் சிரிப்பே வராது. "இனி நானே முதலாளி" என்று மருதப்பன் வெளியே வந்தது.

முதல் வாடிக்கையாளராக வந்தது காட்டுப்பன்றி. மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை படம் வேண்டுமாம்.

"பல்லைக் கொஞ்சம் சின்னதாப் போடு. அந்த மூக்கையும்."

திருத்தித் திருத்திக் கடைசியில் மாப்பிள்ளை முயலாகிவிட்டான். "அச்சு அசல் என் மகனேதான்!" என்றது பன்றி. கூலி கேட்டதும் அதன் முகம் மாறியது.

"காடே வர்ற கல்யாணம், மருதப்பா. உனக்கு எவ்வளவு விளம்பரம்! நியாயமாப் பார்த்தா நீதான் எனக்குத் தரணும்."

சரி, விளம்பரமாவது மிஞ்சட்டும் என்று மருதப்பன் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் பெயரைப் போட்டது. அதைக் கெடுக்கத்தான் நரி இருந்ததே! மூலையை வெட்டி, 'இனிய காலை வணக்கம்' சேர்த்துக் காடு முழுக்க அனுப்பிவிடும். "நரியண்ணன் என்னமா வரையிறாரு!" என்று எல்லோரும் உருகினார்கள்.

மருதப்பன் நேரே போய்க் கேட்டது. "அண்ணே, என் பேரை ஏன் வெட்டுறீங்க?"

"பேரா அது? ஏதோ அழுக்குன்னு துடைச்சு விட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டேங்கிறியே!"

அந்த வாரம் சிங்கராஜா வற்றிப்போன குளத்தில் படகுச் சவாரியைத் திறந்து வைத்தார். மருதப்பன் அதை வரைந்தது. படகில் ராஜா கையசைக்கிறார். அடியில் ஆமைகள் மூச்சுத் திணறப் படகைச் சுமக்கின்றன. இம்முறை பெயரை ராஜாவின் மீசைக்குள், முடியோடு முடியாக எழுதியது. மீசையை வெட்டினால் சிங்கம் பூனையாகிவிடுமே!

நரி மூலையைப் பார்த்தது. காலியாக இருந்தது. "பய திருந்திட்டான்" என்று அங்கே தன் பெயரையே எழுதி அனுப்பிவிட்டது.

காடே சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. நரியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். உயிர் பயத்தில் நரி படத்தைப் பெரிதாக்கி, முடி முடியாகத் துழாவியது.

"ராஜா! மீசையைப் பாருங்க! மருதப்பன்னு எவ்வளவு அழகா எழுதியிருக்கான்! இப்பேர்ப்பட்ட கலைஞனோட பேரை நான் மறைக்கலாமா?"

பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு நரியே காடெங்கும் அனுப்பியது. ஒருவரும் வெட்டவில்லை. "என் மகன் படமும் இவன் கைவண்ணம்தான்" என்று பன்றி சாட்சி சொன்னது. "நான் வளர்த்துவிட்ட பிள்ளை" என்றது கழுதை. மருதப்பனைக் கூண்டில் தள்ளினார்கள்.

காவலுக்கு நின்ற கரடி கம்பி வழியே எட்டிப் பார்த்தது.

"மருதப்பன்ங்கிறது நீங்கதானா! காடே உங்க பேச்சுதான். நம்ம குட்டிக்குப் பிறந்தநாள் வருது, ஒரு படம் போட்டுக் குடுங்களேன்."

"கூலி?"

கரடிக்கு மனசு நொந்துவிட்டது. "என்ன சார் இது! கூண்டுக்குக் கூண்டு மாட்டி வைப்போம். உங்களுக்குத்தானே விளம்பரம்?"

நீதி: கேலிச்சித்திரக்காரனுக்குப் பெயர் வேண்டுமென்றால் அவன் மீது வழக்கு வர வேண்டும். கூலியும் வேண்டுமென்றால், வேறு தொழிலுக்குப் போகட்டும்.