விரால் சொன்ன திருத்தம்

ஒரு காட்டில் ரப்பர் வால் வைத்த தூண்டில் ஒன்று பறந்து போய் அல்லிக்கொடிகளுக்கு அருகே ஏரியில் விழுந்தது. கரையில் நின்ற நாரை ரீலை மெல்லச் சுற்றியது. முன்னால் ஈயத் தலையும் முள்ளும், பின்னால் மெத்தென்ற வாலுமாக அந்தத் தூண்டில், காய்ச்சலில் படுத்து எழுந்த மீனைப் போலத் துவண்டு துவண்டு வந்தது. அதன் பின்னால் ஏரியின் பெரிய விரால் வந்தது. நாரையின் காலடி வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"வால் கெட்டியா இருக்கு தம்பி," என்றது நீர்நாய். அது காட்டின் தூண்டில் சங்கத் தலைவர். வால் விற்பதும் அதுவே.

கூட்டில் குஞ்சுகள் காலையிலிருந்து பசியில் கத்திக்கொண்டிருந்தன. பெண் நாரை மேலிருந்து எட்டிப் பார்த்தது.

"என்னங்க, கால்கிட்டதானே வந்துச்சு. ஒரு கொத்து கொத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"அலகால பிடிச்சா சங்கத்துல சேர்த்துக்க மாட்டாங்க."

"பிள்ளைங்க சங்கத்தையா திங்கும்?"

நாரை வாலை மாற்றி மறுபடியும் வீசியது. விரால் மறுபடியும் காலடி வரை வந்தது. இந்த முறை தலையைத் தூக்கியது.

"நாரையாரே, தப்பா எடுத்துக்காதீங்க. வால்ல குறையில்லை. ஈயம்தான் அதிகம். இந்த வேகத்துல எந்த மீனும் தண்ணிக்குள்ள இறங்காது."

நாரையின் கழுத்து வளைந்தது. அலகு நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தது. பெண் நாரை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அப்போ லேசான ஈயமாப் போடட்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டது நாரை.

"லேசா இருந்தா தூரம் போகாதே," என்றது நீர்நாய்.

"தூரம் எதுக்கு? நான்தான் இங்கேயே வந்துட்டேனே," என்றது விரால். "இழுக்கும்போது நடுவுல கொஞ்சம் நிறுத்துங்க. அடிபட்ட மீன் அப்படித்தான் யோசிக்கும். கடிக்கணும்னு எனக்கும் ஆசைதான். மனசு ஒப்பணுமே."

நீர்நாய் பெட்டியைத் திறந்தது. மூவரும் குனிந்து வால்களைப் பார்த்தார்கள்.

அல்லிக்கொடிகளுக்கு அப்பால் அந்த விராலின் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கொத்தாக மிதந்துகொண்டிருந்தன. தகப்பன் பக்கத்தில் இருக்கும்வரை அங்கே யாரும் நெருங்குவதில்லை. நெருங்கிப் பார்த்த தவளை ஒன்று வீடு திரும்பவில்லை. பெண் நாரை கரையை ஒருமுறை பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் இறங்கியது.

"இப்போ சரியா, அண்ணாச்சி?"

"இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க."

பெண் நாரை கூட்டுக்கும் அல்லிக்கும் போய்ப்போய் வந்தது. கூட்டில் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. நீரில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது.

"ஆங், இப்போ உயிர் வந்திருக்கு," என்றது விரால்.

பெண் நாரை அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது.

நீதி: குஞ்சுகளின் வயிறு நிறைய வேண்டுமென்றால், இரண்டு வீட்டுத் தகப்பன்மாருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும்.