வெயிலில் வைத்த எறும்புகள்

"சாராளு, பாட்டில்ல இருந்த எறும்பெல்லாம் எங்க?"

"மொட்டைமாடியில வெயில்ல தெறந்து வச்சேன். எல்லாம் ஓடிப்போச்சு. பாட்டிலையும் கழுவிக் கவுத்துட்டேன்."

ஞானதுரை அப்படியே உட்கார்ந்துவிட்டார். எறும்பு ஏறிய எதையும் வெயிலில் வைப்பதுதானே வீட்டு வழக்கம், மனைவியைச் சொல்லிக் குற்றமில்லை.

"அது அபூர்வ எறும்பு. அதைப் பாக்கத்தான் மதுரையில இருந்து பேராசிரியர் சுந்தர்ராஜ் மத்தியானம் வாராக."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல."

தேனிப் பள்ளிக்கூடமே அவரை 'எறும்பு வாத்தியார்' என்று கேலி செய்துகொண்டிருந்தது. கூன் விழுந்த முதுகும் நீண்ட மூக்குமாக இருந்த அந்தக் கறுப்பு எறும்பு அபூர்வ இனம்தான் என்று பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தனை பேர் வாயும் அடைத்துப்போகும். இப்போது எறும்பே இல்லை.

அதைப் பிடித்த இடம் கொல்லை முருங்கை மரத்தடி. மண்வெட்டியோடு ஓடினார். இரண்டே வெட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து புற்று சேறாகிவிட்டது.

மொட்டைமாடியில் வெல்லத்தைத் தூவினார். ஓடிப்போனவை வரவில்லை. ஊரிலுள்ள சுள்ளெறும்பெல்லாம் வந்தன. வெல்லம் தீர்ந்ததும் சுவர் வழியே இறங்கி, கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரி சண்முகத்தாயின் அடுப்படிக்குப் போயின.

அவற்றைத் தடுக்கச் சுவர் ஓரமாக மண்ணெண்ணெய் ஊற்றினார். அது வழிந்து, வீரபாண்டித் திருவிழாவுக்கென்று அவள் எடுத்து, கீழே கொடியில் காயப்போட்டிருந்த சேலையில் சொட்டியது.

"வாத்தியாரய்யா, நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க," என்றாள் சண்முகத்தாய்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்து நின்றார். ஞானதுரை தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொன்னார். பேராசிரியர் நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். பின்னாலேயே சண்முகத்தாயும் சண்டையை விடாமல் ஏறினாள்.

மூலையில் ஈர வேட்டியில் அவள் அன்று காலை ஊற்றிய கூழ் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. பேராசிரியர் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வடகத்தில் ஏழெட்டுக் கறுப்பு எறும்புகள் கூன் முதுகோடு ஒட்டியிருந்தன.

"ஞானதுரை, இதேதான்யா. இந்த ஜாதியை இதுவரைக்கும் உலகத்துலயே யாரும் பார்த்ததில்ல. உம்ம பேரைத்தான் வைக்கப்போறேன்."

ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. சாராள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி எந்த வாத்தியார் சிரிக்கிறான் பார்ப்போம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"அம்மா, இந்த வடகத்தை எனக்குத் தரணும்," என்றார் பேராசிரியர். மதுரைப் பேராசிரியரே தன் வடகத்தைக் கேட்டதில் சண்முகத்தாய்க்குச் சேலையே மறந்துவிட்டது. கீழே இறங்கி, போன மாதம் போட்ட வடகத்தை ஒரு தட்டு நிறையப் பொரித்துக் கொண்டுவந்தாள். ஆளாளுக்கு எடுத்து நொறுக்கினார்கள்.

"எள்ளு போட்டது நல்லா மணக்குதும்மா," என்றார் பேராசிரியர்.

"எள்ளா? நான் எள்ளே போடுறதில்லையே. வருசா வருசம் இந்த எறும்புதான் வந்து விழும், பொரிச்சா மணக்குதேன்னு நான் எடுக்குறதில்ல."