சம்மாட்டியாரின் மீன்பிடி லைசென்ஸ்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டு இந்த நாட்டுச் சட்டத்தை இம்மி பிசகாமல் மதிக்கும் ஒரே மனிதர் எங்கள் சம்மாட்டியார்தான். பாராளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டம் போடுகிறவர்கள்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

இலங்கையில் மன்னார்ப் பக்கத்தில் படகும் வலையும் வைத்திருக்கும் முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். இவரோ மன்னாரில் பிறந்தும் கடலில் கால் நனைக்காதவர். அங்கே தபால் கந்தோரில் முத்திரை விற்றார். இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவில் இருந்தார். அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு லைசென்ஸ்.

ஓய்வு பெற்றதும் மனிதர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. சமையலறையில் நின்று, வெங்காயம் வெட்டும் முறை பற்றி மனைவிக்கு ஆலோசனை சொன்னார். ரோசமலர் அக்கா பொறுமைசாலி. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு மகளிடம், “பிள்ளை, உன்ரை அப்பாவை எங்கையாவது வெளியிலை அனுப்பு. இல்லாட்டி நான் போறன்” என்றார். வயதானவர்களுக்கு அரசாங்கம் மீன்பிடி லைசென்ஸைச் சலுகை விலையில் கொடுக்கிறது என்று மகள் கண்டுபிடித்தாள்.

லைசென்ஸ் வந்த அன்றே அதை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். டாக்டரிடம் போனாலும் அது நெஞ்சில் தொங்கும். சர்ச்சில் நற்கருணை வாங்கப் போனாலும் தொங்கும். ஒருநாள் பஸ்ஸில் கார்டு வைக்கும் மெஷினில் அதை வைத்து அழுத்தினார். மெஷின் மூச்சே விடவில்லை. ஆனால் அவர் நின்ற தோரணையைப் பார்த்து டிரைவர் போக விட்டுவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. அந்தோனியார் திருநாள் மதிய விருந்தைப் பற்றிப் பேசத் எங்கள் சர்ச்சின் தமிழ்ப் பங்கு மக்கள் கூடியபோது மனிதர் எழுந்து நின்றார்.

“பாதர், மீன் என்ரை பொறுப்பு. ஒருத்தரும் கடைப்பக்கம் போகத் தேவையில்லை.”

மன்னார்க்காரர், கையில் லைசென்ஸ் வேறு. மண்டபமே கை தட்டியது. அன்றைக்கு வைத்த பெயர்தான் சம்மாட்டியார்.

அடுத்த சனிக்கிழமை அதே பங்கைச் சேர்ந்த நான்தான் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு பார்க் குளத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுப் பிசைந்த பாண் ரொட்டிதான் தூண்டில் இரை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் தும்மினார்கள். மீன்கள் தும்மவில்லை, ஓடி வந்து கவ்வின. முதல் மீனைப் பைக்குள் போடப் போகும்போது குளத்தின் காவலர் வந்து லைசென்ஸைப் பார்த்தார், பாராட்டினார், பிறகு சொன்னார்: இந்தக் குளத்தில் மீனைப் பிடிக்கலாம், உடனே திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

சம்மாட்டியார் என்னைப் பார்த்தார். “பிடிச்சதை விடுறதுக்கோ தம்பி லைசென்ஸ்?”

“ஓம் அண்ணை. இஞ்சை அப்பிடித்தான்.”

மீனை விட்டார். பங்கில் யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. கிரீன் ஸ்ட்ரீட் கடைகளில் மீன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றேன். “கடை மீனை நான் பிடிச்சது எண்டு பாதரிட்டைப் பொய் சொல்லுறதோ?” என்று பாய்ந்தார். பிடித்த மீனை எடுக்க விடும் குளம் எங்காவது இருக்குமா என்று பக்கத்து மாவட்டமான எசெக்ஸ் வரைக்கும் விசாரித்தோம். அகப்படவில்லை.

திருநாளுக்கு முதல்நாள் சாயந்தரம் அதே பார்க் குளத்தில் ஒரு மீன் விழுந்தது. பத்து வீட்டுக்குக் குழம்பு வைக்கலாம், அவ்வளவு பெரிது. கரையில் எங்கள் இருவரையும் தவிர ஆளில்லை.

“அண்ணை, ஒருத்தரும் பாக்கேல்லை. பைக்குள்ளை போடுங்கோ. நாளைக்கு மானம் தப்பும்.”

அவர் மீனைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை.

“தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து ஒவ்வொரு கடுதாசிக்கும் எத்தனை கேள்வி கேட்டவங்கள்? எதை நம்பினவங்கள்? இது ஒண்டுதான் வயசைப் பாத்து, ‘இந்தா ஐயா, பிடி’ எண்டு மறுபேச்சில்லாமல் தந்தது. இதுக்கு நான் துரோகம் செய்ய ஏலாது.”

மீனை மெல்லத் தண்ணீரில் இறக்கிவிட்டார். நான் வெறும் பையை மடித்தேன்.

மறுநாள் மண்டபத்தில் சோறும் சொதியும் தயார். எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மாட்டியார் கழுத்தில் லைசென்ஸோடு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து மைக்கைப் பிடித்தார். பிடித்த மீனையெல்லாம் சட்டப்படி திரும்ப விட்டதை ஒளிக்காமல் சொன்னார். மண்டபம் முணுமுணுத்தது. அவர் திடீரென்று மண்டபத்து மூலையில் நின்ற அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தார்.

“பாதர், மனிசர் கேக்கேல்லை எண்டு அந்தோனியார் மீனுக்குப் பிரசங்கம் வைச்சவர். அவரின்ரை திருநாளிலை அவரின்ரை சபையைப் பிடிச்சுக் கறி வைக்கலாமோ?”

முதலில் சிரித்தவர் பாதர்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரோசமலர் அக்கா பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால், முட்டைக் குழம்பு. எல்லாருக்கும் போதும்.

“மீன் வராது எண்டு எப்பிடியக்கா தெரியும்?” என்று கேட்டேன்.

“குளத்தை எனக்குத் தெரியாது. இந்த மனிசனைத் தெரியும்” என்றார்.

சம்மாட்டியார் இன்றும் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கரையில் இருக்கிறார். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் லைசென்ஸைக் காட்டச் சொல்கிறார். போன மாதம் நானும் ஒன்று எடுத்தேன். சலுகைக்கு எனக்கு வயது போதாது, முழு விலை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.