உப்புத்தாள் அண்ணன் தோண்டிய பள்ளம்

ஜொகூர் மாநிலத்திலேயே என்னை அதிகம் கோபப்படுத்திய மனிதர், ஆயர் ஈத்தாமில் ஃபைபர் வண்டிகளைப் பழுதுபார்க்கும் உப்புத்தாள் அண்ணன்தான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் உப்புத்தாள் இருக்கும். பேசிக்கொண்டே எதையாவது தேய்ப்பார். ஒருமுறை கோப்பிக்கடை மேசையைத் தேய்த்ததற்கு, கடைக்காரர் அவரைத் துடைப்பத்தோடு துரத்தினார்.

அம்மாவின் தோசை வண்டியை ஒரு லாரி உரசிவிட்டது. ஃபைபர் உடம்பின் மேல் பளபளப்பாக இருக்கும் ஜெல்கோட் பூச்சில் தலைமுடி போல ஒரு விரிசல். திங்கட்கிழமை நகராண்மைக் கழக அதிகாரி சோதிக்க வருவார். பூச்சு வெடித்திருந்தால் லைசென்ஸ் கிடையாது. வண்டி நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். சனிக்கிழமை காலை வண்டியை அவரிடம் கொண்டுபோய் விட்டேன்.

நான் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள், அரைக்கும் மெஷினால் அந்த விரிசலைத் தோசைக்கல் அளவுக்குப் பள்ளமாக்கியிருந்தார்.

“அண்ணே! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“விரிசலோட வால் எங்க முடியுதுன்னு தேடினேன்மா. ரொம்ப தூரம் போயிருச்சு லா.”

“அது என்ன பாம்பா, வாலத் தேட? மேல பூசினா போதாதா?”

“சும்மா மேல பூசினா ஒரு மாசத்துல திரும்ப வெடிக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து கத்துவ.”

“இப்பவே கத்திட்டுதானே இருக்கேன்!”

பள்ளத்தை நிரப்பவே அன்று பொழுது போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மழை. காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு சரியாக இறுகாதாம். மதியம் வரை ஆணியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவழியாக ஜெல்கோட்டில், அதை இறுக வைக்கும் ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கலந்துவிட்டு, தூரிகை எடுக்கப் போனார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் டிப்ளோமா வேறு. ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்பது தெரியாதா? ஒரு மூடி நிறைய ஊற்றிக் கலக்கிவிட்டேன்.

அவர் பூசி முடிப்பதற்குள் கிண்ணம் புகைந்தது. தூரிகை கட்டையானது. பூச்சு முழுதும் சிலந்தி வலையாக வெடித்தது.

“அலமாக்!” என்றவர் ஹார்டனர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மெஷினை எடுத்து, எல்லாவற்றையும் சுரண்ட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார். பள்ளத்தைக் கண்டதும் வெடித்தார். “ரெண்டு நாளா என்ன கிழிச்சீங்க? எம்மக படிச்சவ! அவ சொன்னத கேட்டிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்!”

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஹார்டனர் கூடிப் போச்சுக்கா. என் கைத் தப்புதான்.”

அம்மா கால் மணி நேரம் திட்டினார். அவர் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றே மறுபடி பூசி, திங்கட்கிழமை விடிந்ததும் மெருகேற்றிக் கொடுத்தார். அதிகாரி தடவிப் பார்த்தும் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் தப்புக்குத் திட்டு வாங்கிய மனிதர், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டவில்லை. கோபம் வருமா, வராதா?

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எழுதிய இதை நானே வாசித்துக் காட்டப் போகிறேன், உப்புத்தாள் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து.